தம்பூரா போட்டவர் பெயர்



பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதும், கூடி உட்கார்ந்து அவற்றைப் பற்றிப் பேசுவதும் ரசனையா, வெட்டி வேலையா? இந்த செகந்திராபாத் பட்டிமன்ற மேடையில் இன்றைக்கு இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் ஐயா எழுந்ததும் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இதுக்குள்ள எல்லாப் பாட்டும் இருக்கு. அப்புறம் எதுக்கய்யா வீட்டுல கறுப்புத் தட்டை அடுக்கிவைக்கிறீங்க?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டியதைத் திரும்பக் கேட்க மாட்டேன்.

ஆனால், நடுவர் அவர்களே, இதே ஐயா இன்று மதியம் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். ரசம் ஊற்றும் நேரத்தில் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? அவருடைய தாயார் கல்கி இதழிலிருந்து பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைத்திருந்தாராம். 1950இல் தொடங்கிய தொடர். மணியம் வரைந்த படங்களோடு முழுசாக இருக்கிறதாம். மகன் கேட்டும் கொடுக்கவில்லையாம், மருமகள் கேட்டும் கொடுக்கவில்லையாம். நான் கேட்கிறேன், ஐயா, கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. பொன்னியின் செல்வன் முழுவதும் உங்கள் போனுக்குள் காசில்லாமல் கிடைக்கிறது. அப்புறம் எதற்கு அந்தப் பழுப்புத் தாள்? ஏன் பீரோவில் வைத்துப் பூட்டுகிறீர்கள்? வந்தியத்தேவன் போனுக்குள்ளும் அதே குதிரையில்தானே போகிறான்?

பதில் ஐயாவுக்கே தெரியும். அந்தத் தாளில் மணியத்தின் கோடு இருக்கிறது. அடுத்த வாரம் வரை காத்திருந்த அம்மாவின் கை இருக்கிறது. பக்கத்து விளம்பரத்தில் அந்தக் காலத்து விலைவாசி இருக்கிறது. அதெல்லாம் போனில் வராது. இதை ஒப்புக்கொண்ட மனிதர் எங்கள் அணியில் உட்கார வேண்டியவர். தவறான நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

சரி, நான் கதைக்கு வருகிறேன். ஒரே ஒரு தட்டை எடுத்துக்கொள்கிறேன். 1971இல் அமெரிக்காவில் இம்பல்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. பெயர், 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. வாசித்தவர் ஆலிஸ் கோல்ட்ரேன். பியானோவும் ஹார்ப் என்ற பெரிய நரம்பு வாத்தியமும் வாசிக்கிற கறுப்பினப் பெண்மணி. அவருடைய கணவர் ஜான் கோல்ட்ரேன், சாக்ஸபோன் உலகத்தையே புரட்டிப் போட்டவர், 1967 ஜூலையில் போய்விட்டார். நாற்பது வயது. நான்கு குழந்தைகளோடு நின்ற அந்த அம்மா ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்தார். அந்த குருவின் பெயர்தான் தட்டின் பெயர்.

யார் அந்த சச்சிதானந்தா? கோயம்புத்தூர் பக்கத்தில் செட்டிபாளையம்! (கைதட்டுங்கள், இதற்குத் தட்டலாம்.) 1914இல் அங்கே பிறந்த ராமசாமி. அவருக்கு சந்நியாசம் கொடுத்தவர் ரிஷிகேசத்து சிவானந்தர். சிவானந்தர் எந்த ஊர்? திருநெல்வேலிச் சீமையின் பத்தமடை. பாய்க்குப் பேர்போன பத்தமடை. நம் சச்சிதானந்தா இலங்கையில் பல வருஷம் இருந்துவிட்டு, 1966இல் நியூயார்க் போய் இறங்கியவர், 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழாவையே தொடங்கிவைத்த காவி வேட்டிக்காரர். ஃப்ரீ ஜாஸ் என்ற, கட்டுகளை எல்லாம் அறுத்துக்கொண்டு வந்த ஒரு இசையின் தலைசிறந்த தட்டுகளில் ஒன்றின் மேல் செட்டிபாளையத்துக்காரர் பெயர் அச்சாகியிருக்கிறது. எதிரணி அம்மா சற்று முன்னால் கேட்டார்கள், "இந்த இசைக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று. சம்பந்தி வீட்டுக்காரரைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்கலாமா, அம்மா?

இன்னும் கேளுங்கள். அந்தத் தட்டைப் போட்டால் முதலில் என்ன வருகிறது? சாக்ஸபோன் வரவில்லை. டிரம்ஸ் வரவில்லை. தம்பூரா வருகிறது. அந்தச் சுருதிக்கு மேல் செசில் மெக்பீ என்பவரின் பேஸ், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, அவசரமே இல்லாமல் நடக்கிறது. அப்புறம்தான் ஹார்ப் மழை மாதிரி இறங்குகிறது. அதற்கும் அப்புறம்தான் ஃபரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். பொறுமையாக வந்து நிற்கிறது.

இப்போது உறையைப் பாருங்கள். அதில் பொடி எழுத்தில் யார் யார் என்ன வாசித்தார்கள் என்று போட்டிருக்கிறது. பேஸ் இன்னார், டிரம்ஸ் ரஷீத் அலி, மணியும் தாம்பரினும் இன்னார். வரிசையோடு வரிசையாக: தம்பூரா, துளசி.

தம்பூரா போட்டவருக்குப் பெயர்!

நடுவர் அவர்களே, நாம் எத்தனை கச்சேரி கேட்டிருக்கிறோம். ஸ்கந்தகிரி முருகன் சந்நிதியிலும் கேட்டிருக்கிறோம், டிசம்பரில் மெட்ராஸ் போய் சபா சபாவாகவும் கேட்டிருக்கிறோம். வித்வான் பெயர் சொல்வார்கள். வயலின், மிருதங்கம், கடம் சொல்வார்கள். பொன்னாடைக்குக் காசு கொடுத்தவர் பெயரை இரண்டு முறை சொல்வார்கள். பின்னால் மூன்று மணி நேரம் முதுகு வலிக்க உட்கார்ந்து சுருதி மீட்டிய அந்தப் பிள்ளையின் பெயரை எத்தனை மேடையில் சொன்னார்கள்? சுருதிதான் மாதா என்று சொல்லிவிட்டு, மாதாவை மீட்டுகிறவரை மறந்துபோகிற ஊர் நம்முடையது. அமெரிக்காவில் யாரோ ஒருவர் 'துளசி' என்று அச்சடித்து வைத்தார். ஐயா தூக்கிக் காட்டிய போனில் அதே பாட்டைப் போட்டால் ஒரு சின்னப் படம் வரும், ஒன்றிரண்டு பெயர் வரும். துளசி எங்கே? தட்டின் உறையில் இருக்கிறார். அந்த உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிற மனிதரின் அலமாரியில் இருக்கிறார். நான் வாதாட வந்திருப்பது அந்த அலமாரிக்காகத்தான்.

"அது ஒரே சத்தம், சந்தைக் கடை" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். தவிலையும் நாகசுரத்தையும் மூன்றடி தூரத்தில் நின்று கேட்டு வளர்ந்த ஜாதி நாம். சத்தத்துக்கு நாம் பயப்படலாமா? அவர் சொன்ன சந்தைக் கடைத் தட்டையே எடுத்துக்கொள்வோம். 1960 டிசம்பர் 21, ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கில் ஒரே நாளில் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்'. நான்கு பேர் கொண்ட இரண்டு குழு, மொத்தம் எட்டுப் பேர். ஒரு குழு இடது ஸ்பீக்கரில், ஒரு குழு வலது ஸ்பீக்கரில். இரண்டு டிரம்ஸ், இரண்டு பேஸ். 37 நிமிஷம் ஒரே மூச்சு. முதல் தடவை கேட்கிறவருக்குத் தலை சுற்றும், ஒப்புக்கொள்கிறேன்.

பத்மாராவ் நகரில் ஒரு மாடி அறையில் நாங்கள் சிலர் கூடி இதைக் கேட்டோம். நடுவில் இரண்டு பேஸ்காரர்களும் மட்டும் பேசிக்கொள்கிற ஒரு இடம் வரும். எங்களில் மூத்தவர் ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊசியைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "இடது பக்கம் வாசிக்கிறது ஸ்காட் லஃபாரோ. இதை வாசித்து ஏழு மாசம் ஆவதற்குள் கார் விபத்தில் போயிட்டான். இருபத்தைந்து வயசு. இப்ப கேளுங்க." மறுபடி ஊசியை வைத்தார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதே தட்டுதான், அதே பள்ளம்தான், காதுக்கு வேறாக விழுந்தது. வலது பக்கம் சார்லி ஹேடன் கீழ் ஸ்வரத்தில் கனமாக நிற்கிறார். இடது பக்கம் அந்தப் பையன் மேலே மேலே விரலை ஓட்டுகிறான். அதுவரை இரைச்சலாக இருந்தது இரண்டு மனிதர்களாகப் பிரிந்து நின்றது. எதைக் கேட்க வேண்டும் என்று எங்கள் காதுக்குக் காட்டியது யார்? பக்கத்தில் இருந்தவர் பேசிய இரண்டு வாக்கியம். பேசுவது வெட்டி வேலையா?

அந்த வலது ஸ்பீக்கரை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே டிரம்ஸ் வாசிக்கிறவர் எட் பிளாக்வெல். பிற்காலத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். அதே வளாகத்தில் அவருக்கு முன்பிருந்தே மிருதங்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் டி. ரங்கநாதன். பாலசரஸ்வதியின் தம்பி, வீணை தனம்மாளின் பேரன். இந்தப் பக்கம் சார்லி மரியானோ. 1963இல் சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் த சின்னர் லேடி' தட்டில் சாக்ஸபோன் வாசித்த மனிதர், பிறகு நாகசுரம் கற்றுக்கொண்டார். பெங்களூர் டி.ஏ.எஸ். மணி, ஆர்.ஏ. ரமாமணி குழுவோடு 1983இல் 'ஜோதி' என்ற தட்டையே கொண்டுவந்தார். 2008இல் 'கின்ஸ்மென்': ருத்ரேஷ் மகந்தப்பாவின் சாக்ஸபோனுக்கு எதிரே நம் கதிரி கோபால்நாத், கூடவே கன்னியாகுமரி அம்மாவின் வயலின். 2011இல் 'தீர்த்தா': பியானோ விஜய் ஐயர், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். கிதார் ராணிப்பேட்டை பிரசன்னா. தபலா யார்? நிதின் மிட்டா. எந்த ஊர்? நம்ம ஹைதராபாத்! வீட்டு வாசலில் வந்து நிற்கிற இசையைப் பார்த்து சம்பந்தம் என்ன என்று கேட்கிறார்கள்.

அடுத்து ஒரு கேலி செய்தார்கள். பாட்டு முடிந்த இடத்தில், ஒன்றுமே இல்லாத கறுப்பு வட்டத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்களாம் சேகரிப்பவர்கள். ஆமாம், பார்க்கிறோம்! ஏன் என்று கேட்டுவிட்டுச் சிரித்திருக்கலாம். ஹார்டு பாப் என்று சொல்கிறோமே, ஐம்பதுகளில் ஆர்ட் பிளேக்கியும் ஹொரேஸ் சில்வரும் லீ மார்கனும் தேவாலயப் பாட்டையும் ப்ளூஸையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய சூடான ஜாஸ், அதன் முக்கியமான தட்டுகளைப் பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். தொழிலால் கண் பரிசோதகர். பகலில் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பார். நியூ ஜெர்சியில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் மைக் வைத்துப் பதிவு செய்வார். கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெயின்' 1957 செப்டம்பரில் அந்தக் கூடத்தில்தான் பதிவானது. அவரே வெட்டிய தட்டு என்றால் அந்தக் கறுப்பு வட்டத்தில் அவர் பெயரின் மூன்று எழுத்து இருக்கும். ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய தட்டில் பக்கத்திலேயே காது வடிவத்தில் ஒரு கீறல் இருக்கும், அது அச்சிட்ட ஆலையின் அடையாளம். நகைக்கடையில் ஹால்மார்க் தேடுகிற கண்ணுக்கு லென்ஸ் வைத்தால் புத்திசாலித்தனம், தட்டில் தேடினால் பைத்தியமா?

ஜுமேராத் பஜாருக்கு ஒரு வியாழக்கிழமை வாருங்கள், காட்டுகிறேன். உடைந்த மேஜை விசிறிக்கும் துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் ரெக்கார்டு குவியல் கிடக்கும். பெரும்பாலும் இந்திப் படத் தட்டு. நடுவில் எப்போதாவது ஒன்று, லாலாகுடா பக்கம் யாரோ ஒரு ரயில்வே குடும்பம் ஆஸ்திரேலியா போகும்போது விட்டுவிட்டுப் போனதோ என்னவோ, ஒரு ஜாஸ் தட்டு தலை நீட்டும். அதை வெயிலுக்குச் சாய்த்துப் பிடிப்பார்கள். கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டுவார்கள். நகம் மாட்டினால் ஊசியும் மாட்டும், வேண்டாம். மாட்டவில்லை என்றால் பாட்டு பிழைத்தது. பூஞ்சை பிடித்த அந்தத் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீரில் துளி சோப்புக் கரைசல் விட்டு, பஞ்சால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நிழலில் காயவைத்து, ராத்திரி ஊசியை வைக்கும்போது உள்ளே ஒருவன் மூச்சு விடுவது கேட்கும் பாருங்கள்! இதையா பொழுதுபோகாதவர் வேலை என்றீர்கள்?

"இதையெல்லாம் கம்பெனிக்காரன் பத்திரமா வெச்சிருப்பான்" என்றும் ஒரு வாதம். எவ்வளவு நம்பிக்கை! 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்தில் தீப்பிடித்தது. பதினொரு வருஷம் கழித்து நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது, அந்தக் கிட்டங்கியில் இருந்தவை இசையின் மூல நாடாக்கள். கோல்ட்ரேன் இம்பல்ஸுக்கு வாசித்தவற்றில் பெரும்பகுதியும் போனதில் சேர்த்தி என்று அந்தக் கட்டுரை சொன்னது. சேதம் அவ்வளவு இல்லை என்று கம்பெனி மறுத்தது. எவ்வளவு போனது என்று வாதாட வேண்டிய நிலைக்கு வந்ததே, அதுதான் கம்பெனி காத்த லட்சணம்! இன்னொரு பக்கம் பாருங்கள். 1965 அக்டோபரில் சியாட்டில் நகரத்து ஒரு கிளப்பில் கோல்ட்ரேன் தன் 'எ லவ் சுப்ரீம்' இசைத்தொகுப்பு முழுவதையும் வாசித்தார். ஜோ பிரேசில் என்ற உள்ளூர் சாக்ஸபோன்காரர் அதைப் பதிவு செய்து தன்னிடமே வைத்திருந்தார். 2021இல் அது வெளிவந்தது. ஐம்பத்தாறு வருஷம் தனி மனிதர்களின் கையில் பிழைத்துக் கிடந்த இசை.

நம் கதை மட்டும் வேறா? சற்று முன் சொன்ன வீணை தனம்மாள் 1932இல் கொலம்பியா கம்பெனிக்குக் கொடுத்த தட்டுகள் இன்றைக்கும் நம் காதில் விழுகின்றன என்றால், அரக்குத் தட்டு கீழே விழுந்தால் சுக்கல் என்று தெரிந்தும் துணி சுற்றி வைத்தவர்களால் விழுகின்றன. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கில் சேர்த்தார். நம் தெலுங்கு மண்ணின் பொப்பிலிக்காரர். தமிழ், தெலுங்குப் பழைய பாட்டு யார் பாடியது என்று சந்தேகம் வந்தால் அவர் அலமாரியைத்தானே ஊர் உலகம் கேட்டது?

பேச்சு வீண் என்கிறார்கள். யார் சொல்வது? பட்டிமன்றப் பேச்சாளர்கள்! 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் கண்டார். அன்றிலிருந்து கும்பகர்ணன் உயர்ந்தவனா, விபீஷணன் உயர்ந்தவனா என்று பேசுகிறோம். இன்னும் முடியவில்லை. முடிய வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை, ஏனென்றால் பேசப் பேசத்தான் கம்பன் புரிகிறான். எதிரணித் தலைவர் ஐயா கும்பகர்ணனுக்காகவே நாலு ஊரில் மாலை வாங்கியவர். கம்பனைப் பேசினால் இலக்கியம், கோல்ட்ரேனைப் பேசினால் வெட்டிப் பேச்சா?

செலவுக் கணக்கும் போட்டார்கள். நூறு ரூபாய்க்கும் தட்டு உண்டு, லட்சத்துக்கும் உண்டு. வீட்டு மளிகைக் காசை எடுத்துத் தட்டு வாங்குகிறவனுக்காக நான் வரவில்லை, அவனை நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் ஒரு கல்யாணத்தில் ஒரே ராத்திரி வாடிப்போகிற பூ அலங்காரத்துக்குக் கொடுக்கிற தொகையை யாரும் இந்த மேடையில் கேட்கவில்லை. போகட்டும்.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. நம் சினிமாப் பாட்டுக்கு எத்தனை கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் ஊதினார்கள்! தட்டில் பாடியவர் பெயர் உண்டு, இசையமைப்பாளர் பெயர் உண்டு, கவிஞர் பெயர் உண்டு. ஊதியவன் பெயர் உண்டா? பம்பாயில் அந்தோணி கோன்சால்வெஸ் என்று ஒரு கோவா வயலின் வாத்தியார். 1977இல் 'அமர் அக்பர் அந்தோணி' பாட்டில் அந்தப் பெயர் வந்ததே, எப்படி வந்தது? அவரிடம் வயலின் கற்ற பியாரேலால் அந்தப் படத்துக்கு இசையமைத்தார், குருவுக்காகப் போட்டார். ஒரு வயலின்காரரின் பெயர் வெளியே வர, மாணவன் இசையமைப்பாளர் ஆகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஜாஸ் தட்டுக்காரர்கள் எட்டுப் பேர் வாசித்தால் எட்டுப் பெயரையும் போட்டார்கள், தேதியைப் போட்டார்கள், மைக் வைத்தவர் பெயரையும் போட்டார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் இன்றைக்கு வயதான வாத்தியக்காரர்களைத் தேடிப் போய், "ஐயா, அந்தப் பாட்டில் வாசித்தது நீங்களா?" என்று கேட்டு எழுதி வைக்கிறார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். கடைசியாக எதிரணித் தலைவர் ஐயாவிடம் ஒன்றே ஒன்று. நாற்பது வருஷமாக நீங்கள் முணுமுணுக்கிற, சாக்ஸபோன் வருகிற ஏதாவது ஒரு தமிழ்ப் பாட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள். அதை ஊதியவர் பெயரை உங்கள் கையில் இருக்கிற அந்தப் போனில் தேடி இந்த அரங்கத்துக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் இந்த மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். நான் மைக்கை வைத்துவிட்டு உங்கள் பதிலுக்காக உட்காருகிறேன்.